ஒய்பிசிஓ-ல வோர்டெக்ஸப் பிடிச்சு நிறுத்த எது சரி: தூணா, துகளா, அயனி பீமா?

ஒய்பிசிஓ-ங்கறது இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த மீகடத்தி (சூப்பர்கண்டக்டர்), வோர்டெக்ஸ்ங்கறது அதுக்குள்ள நுழையற காந்தப்புலக் குழாய். ஒய்பிசிஓ ஃபிலிம் வளர்த்துட்டு இருக்கற பிஹெச்டி பசங்களும், அதைப் பூசின டேப் வாங்கி காயில் சுத்தப் போறவங்களும் மாத்தி மாத்தி கேக்கற கேள்வி இது. பிஇசட்ஓ, அதாவது பேரியம் சிர்கோனேட், அதுல தூண் வளர்க்கறதா, நானோ துகள் கலக்கறதா, இல்ல ஃபிலிம முடிச்சுட்டு அயனி பீம்ல காட்டறதா? கூடவே இன்னொண்ணும் ஒட்டிக்கிட்டு வரும், "பேசாம பிஸ்மத் கலந்த மீகடத்திப் பொருளுக்கே போயிடலாமா சார்?"

நான் உடனே திருப்பிக் கேப்பேன், எந்த வெப்பநிலை, எத்தனை டெஸ்லா, ஃபீல்டு எந்தப் பக்கம் பாக்குது? இந்த மூணையும் சொல்லாம "பெஸ்ட் பின்னிங், அதாவது வோர்டெக்ஸப் பிடிச்சு நிறுத்தறது, எது"ன்னா அதுக்கு பதிலே கிடையாது. பேப்பர்ல எல்லாரும் 77 கெல்வின்ல எவ்வளவு கரண்ட் தாங்குதுங்கற கர்வ் ஒண்ணப் போட்டு நம்மளுது மேல இருக்கு பாருன்னு காட்டுவாங்க, அதை நம்பி 20 கெல்வின்ல ஓடப்போற காந்தத்துக்கு முடிவெடுத்தா காசு போச்சு.

## கொஞ்சம் அடிப்படை, சீக்கிரம் சொல்லிடறேன்

இரண்டாம் வகை மீகடத்திக்குள்ள காந்தப்புலம் மெல்லிய குழாய் குழாயா நுழையும்னு அப்ரிகோசவ் 1957-ல கணக்குப் போட்டார், 2003-ல நோபல் வந்துச்சு. ஒவ்வொரு குழாயும் சுமக்கறது ஒரே ஒரு ஃப்ளக்ஸ் குவாண்டம், 2.07 × 10⁻¹⁵ வெபர். அதான் வோர்டெக்ஸ். நீங்க கரண்ட் விட்டா லாரன்ஸ் விசை அதைப் பக்கவாட்டுல தள்ளும், அது நகர்ந்தா வோல்டேஜ் வரும், வோல்டேஜ் வந்தா சூடு, அப்புறம் எதுக்கு சூப்பர்கண்டக்டர்? வோர்டெக்ஸோட நடுத்தண்டு எப்படியும் மீகடத்தல் செத்துப்போன இடம்தான், அதனால ஏற்கனவே செத்த ஒரு இடம் பொருள்ல இருந்தா அங்க போய் உக்காந்துக்கறது அதுக்கு ஆற்றல் லாபம். அந்த லாபத்த நாம வேணும்னே உண்டாக்கறதுக்குப் பேர்தான் பின்னிங்.

அடுக்குப் பொருள்ல ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. குப்ரேட்ல, அதாவது ஒய்பிசிஓ மாதிரி தாமிர ஆக்சைடு மீகடத்திகள்ல, மீகடத்தல் நடக்கறது தாமிர-ஆக்சிஜன் தளங்கள்ல, நடுவுல இருக்கற அடுக்குகள் சும்மா ஒப்புக்கு ஒட்டிட்டு இருக்கு. அதனால வோர்டெக்ஸ் முழுக் கம்பியா இல்லாம ஒவ்வொரு தளத்துலயும் ஒரு வட்டமா, தட்டுல அடுக்கி வெச்ச தோசை மாதிரி நிக்கும், இந்தப் படத்த ஜான் க்ளெம் 1991-ல ஒழுங்கா எழுதினார். தோசைக்கும் தோசைக்கும் ஒட்டு எவ்வளவு பலமா இருக்கும்ங்கறது பொருளோட அனைசோட்ரபிய, அதாவது தளத்துக்குள்ளயும் தளத்துக்குக் குறுக்கயும் குணம் எவ்வளவு மாறுதுங்கறத, பொறுத்தது. ஒய்பிசிஓ-ல அந்த எண் 5-லருந்து 7, ஓரளவு கெட்டியான ஒட்டு. பிஸ்மத் பொருளான 2212-ல நூறையும் தாண்டும், அங்க ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு நழுவும். கீழ வர்ற எல்லா முடிவுக்கும் வேர் இங்கதான் இருக்கு.

## எதை வெச்சு எடை போடறது

வெப்பநிலை. இதுதான் தலையாயது, மத்ததெல்லாம் அப்புறம். நடுத்தண்டோட அளவு வெப்பநிலையோட மாறும். ஒய்பிசிஓ-ல கோஹரன்ஸ் நீளம், அதாவது தண்டோட ஆரத்தத் தீர்மானிக்கற அளவு, தளத்துக்குள்ள சுமார் 1.5 நானோமீட்டர், அதனால 4 கெல்வின்ல தண்டோட குறுக்களவு 3 நானோமீட்டர் ஒட்டி இருக்கும், 77 கெல்வினுக்குப் போனா அதுவே 7 நானோமீட்டர்கிட்ட உப்பிடும். 77-ல 7 நானோமீட்டர் தடிமன்ல ஒரு குறை இருந்தா கச்சிதமாப் பிடிக்கும், ஆனா ஒரு அணு ரெண்டு அணு காணாமப்போன சின்னக் குறை வெப்ப ஆட்டத்துல அடிபட்டுப் போயிடும். 20 கெல்வினுக்குக் கீழ கதை தலைகீழ், அங்க அந்தச் சின்னக் குறைங்கதான் லட்சக்கணக்குல சேர்ந்து வேலை செய்யும்.

ஃபீல்டு அளவு. 1 டெஸ்லாவுல வோர்டெக்ஸுகளுக்கு நடுவுல 49 நானோமீட்டர் இடைவெளி, 5 டெஸ்லாவுல 22, 20 டெஸ்லாவுல வெறும் 11. ஆளுக்கு ஒரு தூண்னு குடுக்கணும்னா சதுர சென்டிமீட்டருக்கு 1 டெஸ்லாவுக்கு 4,830 கோடி தூண் வேணும், 3 டெஸ்லாவுக்கு 14,500 கோடி. இதுக்குத்தான் மேட்சிங் ஃபீல்டுன்னு பேரு. அதுக்கு மேல ஃபீல்டு போனா தூண் கிடைக்காத வோர்டெக்ஸுங்க பக்கத்து வோர்டெக்ஸோட தள்ளுமுள்ளுலதான் நிக்கும், லேசா உந்தினாலும் நகரும்.

கோணம். சோலினாய்டு நடுவுல ஃபீல்டு டேப்போட தளத்துக்கு இணையா இருக்கும், ஓரத்துல சாய்ஞ்சிடும். உங்க காந்தத்தோட கரண்ட தீர்மானிக்கறது அந்த மோசமான கோணம், கோணத்துக்கு எதிரா கரண்டப் போட்ட கர்வோட உச்சி இல்ல. தளத்துக்கு இணையா ஃபீல்டு வந்தா அடுக்குகளே வோர்டெக்ஸப் பிடிச்சுக்கும், அதுக்கு நீங்க ஒண்ணும் செலவு பண்ண வேணாம்.

டி-சி இழப்பு. டி-சி-ங்கறது மீகடத்தல் ஆரம்பிக்கற வெப்பநிலை. எந்தக் குறைய உள்ள போட்டாலும் அது மீகடத்தற இடத்தத் தின்னும், சுத்தி இருக்கற லேட்டிஸையும் (படிக அணு அடுக்கையும்) இழுத்துப் பிடிச்சுக் கெடுக்கும். 92 கெல்வின்ல இருந்தது 88-க்கு இறங்கினா 77-ல வேலை செய்யறவனுக்கு அது பெரிய அடி, 20-ல வேலை செய்யறவன் கண்டுக்கவே மாட்டான்.

க்ரீப். பின் பண்ணின வோர்டெக்ஸும் வெப்பத்தால மெல்ல மெல்ல தாவிட்டே இருக்கும், 1988-லயே யெஷுருனும் மலோசெமோஃபும் இதை ஒய்பிசிஓ-ல காட்டிட்டாங்க. பவர் சப்ளைல ஓடற காந்தத்துக்கு இது பரவால்ல. கரண்ட மூடி விட்டு மாசக்கணக்கா நிலையா நிக்கணும்னா இதான் தலைவலி. எவ்வளவு பின்னிங் போட்டாலும் பொருளுக்குன்னு ஒரு அடிமட்ட க்ரீப் உண்டு, அதுக்குக் கீழ இறக்க முடியாதுன்னு 2017-ல செரீனா எலி குழு சொன்னது.

கையில என்ன இருக்கு. லேசர் இருக்கா, கெமிஸ்ட்ரி லேப் இருக்கா, பீம் டைம் கிடைக்குமா. நாலு பேர் படிக்கற கட்டுரைல இதை எழுத மாட்டாங்க, நிஜத்துல பாதி தீசிஸ் இதை வெச்சுத்தான் முடிவாகுது.

## வழி 1: பிஇசட்ஓ, பிஹெச்ஓ தூண்கள்

2004-ல லாஸ் ஆலமோஸ்ல மெக்மேனஸ்-டிரிஸ்கால் குழு ஒய்பிசிஓ டார்கெட்ல பேரியம் சிர்கோனேட் கலந்து லேசர்ல ஃபிலிம் வளர்த்தாங்க, 2006-ல ஓக் ரிட்ஜ்ல அமித் கோயல் குழு இதே தூண்கள் வரிசையா நிக்கற தடிமனான ஃபிலிம்ல கரண்ட் எங்கயோ போறத காட்டினாங்க. அதுலருந்து உலகமே இந்தப் பக்கம் ஓடிச்சு.

ஏன் தூணா வளருதுன்னு பாத்தா அழகான விஷயம். பிஇசட்ஓ லேட்டிஸ் 0.42 நானோமீட்டர், ஒய்பிசிஓ-து 0.38, 0.39. எட்டு ஒம்போது சதவீதம் பெருசு. முதல் துகள் உக்காந்ததும் அதுக்கு மேல இருக்கற ஒய்பிசிஓ இழுபட்டு விரிஞ்சிருக்கும், அடுத்து வர்ற பிஇசட்ஓ-வுக்கு அந்த விரிஞ்ச இடம்தான் வசதி, அங்கயே போய் உக்காரும், அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா ஏறிப் போயிடும். யாரும் அடுக்கி வெக்கல, ஸ்ட்ரெயினே அடுக்குது. டெம்ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல) குறுக்கு வெட்டப் பாத்தீங்கன்னா 5-லருந்து 8 நானோமீட்டர் தடிமன்ல சீப்புப் பல்லா நிக்கும், மேல சொன்ன 77 கெல்வின் தண்டுக்கு அளவெடுத்து தெச்ச சைஸ்.

இதோட பலம் 77 கெல்வின் பக்கம், ஃபீல்டு சி-அச்சுல, அதாவது தளங்களுக்குச் செங்குத்தா, வரும்போது. கோண கர்வ்ல சி-அச்சுல ஒரு மேடு எழும்பும், சாதா ஒய்பிசிஓ-ல அது பள்ளமா இருக்கற இடம். ஹூஸ்டன்ல வெங்கட் செல்வமாணிக்கம் குழு எம்ஓசிவிடி-ங்கற ஆவிப்படிவு முறைல 15, 20, 25 மோல் சதவீதம் வரைக்கும் சிர்கோனியம் ஏத்திப் பாத்தாங்க, 30 கெல்வின் பக்கம் பிரமாதமான நம்பர் வந்துச்சு. அதனால தூண் குளிர்ல சுத்தமா உதவாதுன்னு நான் சொல்லல. தூணைச் சுத்தி இருக்கற ஸ்ட்ரெயினும் ஆக்சிஜன் குறையும் சின்னக் குறைங்களா வேலை செய்யுது, தூணோட பேர்ல இதுங்க பாதி உழைக்குது.

இப்ப மறைஞ்சிருக்கற செலவுக்கு வருவோம்.

முதல் அடி வளர்ச்சி வேகம். தூண் நேரா ஏறணும்னா அணுக்களுக்கு மேற்பரப்புல நடந்து போய் சரியான இடத்த தேட நேரம் வேணும். லேசர் ரிபிட்டிஷன் ரேட்ட ஏத்தினீங்கன்னா, இல்ல ஹீட்டர் டெம்பரேச்சர் கொஞ்சம் கம்மியாச்சுன்னா, தூண் துண்டு துண்டா உடைஞ்சு விசிறி மாதிரி சாயும். லேப்ல 10 மில்லிமீட்டர் சப்ஸ்ட்ரேட்ல மெதுவா வளர்த்தது சூப்பரா இருக்கும், கம்பெனி கிலோமீட்டர் கணக்குல ஓட்டும்போது அதே தூண் வராது. பேரியம் ஹாஃப்னேட் (பிஹெச்ஓ) இந்த விஷயத்துல பரவால்ல, வேகமா வளர்த்தாலும் தடிமன் கூடினாலும் ஓரளவு தாங்குது, அதனாலதான் ஃபுஜிகுரா யூரோப்பியம் டேப்ல பிஹெச்ஓ போடறாங்க.

ரெண்டாவது, டி-சி. நிறைய ஏத்தினா சில கெல்வின் இறங்கறது சாதாரணம். மூணாவது ஒண்ண பசங்க கவனிக்கறதே இல்ல, சி-அச்சுல மேடு எழுப்பினதும் கோண கர்வ் மொத்தமா தூக்கி வெச்சதா ஆகாது, மேட்டுக்கும் தளத்துக்கு இணையான சிகரத்துக்கும் நடுவுல பள்ளம் அப்படியே கிடக்கும். உங்க காயில் ஓரத்துல ஃபீல்டு சாயறது அந்தப் பள்ளத்துலன்னா நீங்க போட்ட தூணுக்கு ஒரு பைசா பலன் இல்ல.

க்ரீப்பும் இருக்கு. ஃபீல்டு கம்மியா, தூண் நிறைய காலியா இருக்கும்போது, வோர்டெக்ஸ் முழுசா எழுந்து போக வேண்டியதில்ல, ஒரு துண்டு மட்டும் பக்கத்துத் தூணுக்குத் தாவி அப்புறம் மிச்சத்த இழுத்துக்கும். எல்லாத் தூணும் ஒரே மாதிரி நேரா இருந்தா இந்தத் தாவல் ரொம்ப சுலபம். தூண் கொஞ்சம் சாய்ஞ்சும் முறிஞ்சும் இருந்தா நல்லதுங்கறதுக்கு இது ஒரு காரணம். அழகான டெம் படம் வேணும்னு ரொம்ப நேரா வளர்க்கறவங்க இதை யோசிக்கணும்.

எப்ப எடுக்கலாம்: கையில லேசர் டெபாசிஷன் செட்டப் இருக்கு, 65-லருந்து 77 கெல்வின்ல ஓடற மோட்டார், ஜெனரேட்டர், ஃபால்ட் கரண்ட் மாதிரி பயன்பாடு, ஃபீல்டு சில டெஸ்லா.

## வழி 2: நானோ துகள்கள்

இதுல ரெண்டு கிளை. ஆவில வளர்க்கும்போதே இட்ரியம் ஆக்சைடு இல்ல 211 (மீகடத்தாத இன்னொரு இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு) துகள தூவறது ஒண்ணு, 2004-ல அமெரிக்க விமானப்படை ஆய்வகத்துல ஹாகன் குழு 211-ஐ ஒய்பிசிஓ-வுக்கு நடுநடுவுல மெல்லிய அடுக்கா வெச்சு செஞ்சது இந்த வகை. இன்னொண்ணு கரைசல் வழி, டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளோரோஅசிடேட்) உப்புகளக் கரைச்சு பூசி சுடறது.

கரைசல் வழில ஒரு வேடிக்கை உண்டு. லேசர்ல தூணா வந்த அதே பிஇசட்ஓ இங்க தூணா வராது. 2007-ல பார்சிலோனா குழு காட்டினது, ஒய்பிசிஓ படிகமாறதுக்கு முன்னாடியே பிஇசட்ஓ தனியா துகளா உருவாகி எந்தத் திசையிலயும் சேராம கண்டபடி கிடக்கும். கேக்க மோசமா இருக்கு இல்ல? ஆனா அந்த ஒட்டாத எல்லைங்க சுத்தி இருக்கற ஒய்பிசிஓ-வ முறுக்கி அடுக்குப்பிழைகளா நிரப்புது, எங்க பாத்தாலும் சின்னச் சின்ன ஸ்ட்ரெயின் முடிச்சு. அதனால பின்னிங் எல்லாக் கோணத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கிடைச்சுச்சு. கோண கர்வ்ல பள்ளம் ஏறிச்சு, காந்தம் சுத்தறவனுக்கு இதுதான் வேணும்.

செலவு எங்கன்னா, டிஎஃப்ஏ சுடும்போது ஹைட்ரஜன் ஃப்ளோரைடு (எச்எஃப்) வாயு வெளிய வரும். கண்ணாடிய அரிக்கற சாமான் அது. ஃபியூம் ஹூட், ஸ்க்ரப்பர், குழாய் ஃபர்னஸோட வெளிவாசல்ல ஒழுங்கான ட்ராப் எல்லாம் இல்லாம இதைத் தொடவே கூடாது, "ஒரு சாம்பிள்தானே"ன்னு ஜன்னலத் திறந்து வெச்சுட்டு சுடறத எல்லாம் நினைச்சுக்கூட பாக்காதீங்க. சுடற ப்ரொஃபைல்ல தண்ணி ஆவி எவ்வளவு, ஏத்தற வேகம் எவ்வளவுன்னு ஒவ்வொண்ணும் பிடிவாதம் பிடிக்கும், தடிமன் கூட்டினா விரிசல் விடும். அடுத்தது துகள் பருத்துப் போறது. 10 நானோமீட்டர்ல இருக்க வேண்டியது கவனிக்காட்டி 40, 50-க்குப் போயிடும், அந்த சைஸ்ல அது பின்னிங் சென்டர் இல்ல, கரண்டுக்கு நடுவுல கல்லு. இதைத் தவிர்க்க முன்னாடியே தனியா செஞ்ச நானோ படிகத்த இங்க்ல கலக்கறாங்க, ஆனா அந்த கொலாய்டு அமிலக் கரைசல்ல கட்டி தட்டாம இருக்கணும், அது ஒரு தனி தீசிஸ்.

ஆவி வழில இட்ரியம் ஆக்சைடு சமாச்சாரம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அது சாதாரணமானது. இட்ரியத்த கொஞ்சம் அதிகமா வெச்சு வளர்த்தா இட்ரியம் ஆக்சைடு துகள் தானாவே வரும், டி-சி பெருசா அடி வாங்காது, ரொம்ப வேகமாவும் வளர்க்கலாம். 2021-ல சூப்பர்ஆக்ஸ் குழு வெளியிட்ட வேலைல தூண் எதுவும் போடாம இந்தத் துகள மட்டும் நம்பி 20 கெல்வின், 20 டெஸ்லாவுல டேப்போட முழு குறுக்குவெட்டுக்கும் சதுர மில்லிமீட்டருக்கு 1000 ஆம்பியருக்கு மேல எடுத்தாங்க, அதுவும் லேப் துண்டுல இல்ல, 4 மில்லிமீட்டர் அகலத்துல 300 கிலோமீட்டருக்கு மேல டேப் ஓட்டி. தூண் போட்டாத்தான் நவீனம்னு நினைக்கறவங்க இந்த நம்பர ஒரு தடவை நிதானமா பாக்கணும்.

எப்ப எடுக்கலாம்: 4-லருந்து 30 கெல்வின், பெரிய ஃபீல்டு, கோணம் மாறிட்டே இருக்கற காந்தம். லேசர் இல்லாத ஆனா நல்ல கெமிஸ்ட்ரி கை இருக்கற லேப்.

## வழி 3: கனமான அயனி பீம்

1991-ல சிவாலே குழு 580 எம்இவி டின் அயனிய ஒய்பிசிஓ படிகத்துல விட்டாங்க. அயனி போற வழியெல்லாம் எலக்ட்ரான்களுக்கு ஆற்றலக் கொட்டி உருக்கி, 5-லருந்து 10 நானோமீட்டர் தடிமன்ல அமார்ஃபஸ் குழாய் ஒண்ண விட்டுட்டுப் போகும். இதைப் பாத்துத்தான் நெல்சனும் வினோகூரும் வோர்டெக்ஸுங்க தடங்கள்ல சிக்கி உறைஞ்சு நிக்கற போஸ் கிளாஸ்ங்கற நிலைக்கான கொள்கைய எழுதினாங்க. இயற்பியல் படிக்கறவனுக்கு இதை மிஞ்சின கருவி கிடையாது. எத்தனை தூண் வேணுமோ அத்தனை அயனி எண்ணி விடலாம், எந்தச் சாய்வுல வேணுமோ அந்தச் சாய்வுல விடலாம், ஒரே சாம்பிள முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை அளக்கலாம். வளர்ப்புல இந்த வசதி எதுவும் இல்ல, அங்க ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல எது மாறிச்சுன்னே சொல்ல முடியாது.

நம்ம ஊர் பசங்களுக்கு இது எட்டாத உயரம் இல்ல. டெல்லில ஐயுஏசி ஆய்வகத்துல 15யூடி பெல்லட்ரான்ங்கற அயனி ஆக்சிலரேட்டர் இருக்கு, 200 எம்இவி வெள்ளி அயனி அங்க வழக்கமா ஓடறது, ஒய்பிசிஓ-ல தொடர்ச்சியான தடம் விழறதுக்கு வேண்டிய நானோமீட்டருக்கு 20 கேஇவி ஒட்டின ஆற்றல் இழப்ப அது தாண்டிடும். ப்ரொபோசல் போடணும், முறை வரணும், அது வரைக்கும் சாம்பிள டெசிகேட்டர்ல ஈரம் படாம காப்பாத்தணும்.

செலவு கணக்க ஒரு தடவை கையால போட்டுப் பாத்துடுவோம். 7 நானோமீட்டர் தடம்னா பரப்பு 38 சதுர நானோமீட்டர் சொச்சம். 3 டெஸ்லா மேட்சிங் ஃபீல்டுக்கு 14,500 கோடி தடம் போட்டா ஃபிலிம்ல 5.6 சதவீதம் செத்துப் போச்சு, தாங்கிக்கலாம். ஆசைப்பட்டு 10 டெஸ்லாவுக்குப் போட்டா கிட்டத்தட்ட 19 சதவீதம் காலி. தடத்தச் சுத்தி இருக்கற ஸ்ட்ரெயின் வட்டத்தையும் சேத்தா இன்னும் மோசம், டி-சி விழுந்து கர்வ் மொத்தமா கீழ வந்துடும். அதனால இந்த வழிக்கு சில டெஸ்லாதான் எல்லை. ஆழமும் பிரச்சனை, 200 எம்இவி வெள்ளி பத்துப் பன்னெண்டு மைக்ரானுக்குள்ள நின்னுடும், ஃபிலிமுக்கு அது போதும், செம்பு பூசின டேப்புக்குப் போதாது. கிலோமீட்டர் டேப்புக்கு இதை யோசிக்கறதுல அர்த்தமே இல்ல.

எப்ப எடுக்கலாம்: கேள்வி வோர்டெக்ஸ் இயற்பியலப் பத்தினது, டேப் செய்யறது இல்ல.

## வழி 4: லேசான பீம்

புரோட்டான், ஆக்சிஜன், கம்மி ஆற்றல் தங்கம். இங்க தடம் விழாது, அங்கங்க அணுக்கள் இடம் பெயர்ந்து புள்ளியா, சின்னக் கொத்தா குறை விழும். ஆர்கோன் நேஷனல் லேப்ல 2013-ல 4 எம்இவி புரோட்டான்ல கடையில வாங்கற டேப்போட ஜே-சிய, அதாவது மின்தடை இல்லாம தாங்கற உச்ச கரண்ட் அடர்த்திய, ரெட்டிப்பாக்கினாங்க, ஆனா ரொம்ப நேரம் பீம்ல காட்டணும். 2015-ல 3.5 எம்இவி ஆக்சிஜனுக்கு மாறினதும் 0.8 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு செகண்டே போதும்னு ஆச்சு, ஆயிரம் மடங்கு வேகம். அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் கம்பெனி 18 எம்இவி தங்கத்த வெச்சு ரீல்லருந்து ரீலுக்கு ஓட்டியும் பாத்தாங்க.

பெரிய பீம் வேணாம்ங்கறதுதான் இதோட கவர்ச்சி. கல்பாக்கம் ஐஜிகார் அணு ஆய்வு மையத்துல இருக்கற 1.7 எம்வி மாதிரி சின்ன ஆக்சிலரேட்டர் போதும். டேப்ல ஏற்கனவே தூண் இருந்தாலும் துகள் இருந்தாலும் மேல இதைச் சேக்கலாம், பெரிய குறை சின்னக் குறை ரெண்டும் கலந்தா வெறும் ஒரு வகையைவிட நல்லா பிடிக்கும். ஆனா பலன் முக்கியமா குளிர்ல, 77-ல ஒண்ணும் பெருசா எதிர்பாக்காதீங்க, வெளி ஃபீல்டு இல்லாத செல்ஃப் ஃபீல்டுல கொஞ்சம் இறங்கவே செய்யும். டோஸ் தாண்டினா நேரா சரிவு. அயனி சில மைக்ரான்தான் போகும்ங்கறதால செம்பு பூசறதுக்கு முன்னாடி காட்டியாகணும், அதாவது தயாரிக்கறவங்க ஒத்துழைப்பு இல்லாம முடிச்ச டேப்ல செய்ய முடியாது.

## ஒரே பார்வைல

| | தூண் | துகள் | கன அயனி | லேசான அயனி |
|---|---|---|---|---|
| 65–77 கெல்வின் | ரொம்ப நல்லது | சுமார் முதல் நல்லது | ரொம்ப நல்லது | பெருசா இல்ல |
| 4–30 கெல்வின், பெரிய ஃபீல்டு | நல்லது, சதவீதம் கூட ஏத்தினா | நல்லது | மேட்சிங் ஃபீல்டு தாண்டினா வீண் | நல்லது |
| கோணம் | சி-அச்சுல மேடு, நடுவுல பள்ளம் | சமமா | விட்ட திசைல மேடு | சமமா |
| டி-சி | சில கெல்வின் இறங்கும் | கம்மி அடி | டோஸப் பொறுத்து | டோஸப் பொறுத்து |
| நீளமா தயாரிக்க | கஷ்டம், வேகம் குறையும் | சுலபம் | முடியாது | முடியும், செம்புக்கு முன்னாடி |
| உண்மையான தலைவலி | ஹீட்டர், வளர்ச்சி வேகம் | எச்எஃப் வாயு, துகள் பருக்கறது | பீம் டைம் | பீம் டைம், ஆழம் |

## பிஸ்மத்துக்கே போயிடலாமா?

77 கெல்வின்ல வேலைன்னா போகாதீங்க, அவ்வளவுதான். மேல சொன்ன தோசை விவகாரம். 77-ல ஒய்பிசிஓ சி-அச்சுல 7 டெஸ்லா ஒட்டி வரைக்கும் தாக்குப் பிடிக்கும், பிஸ்மத் பொருள்ல அரை டெஸ்லாவுக்கும் கீழயே வோர்டெக்ஸ் உருகி ஓடும். கன அயனித் தடம் போட்டா வட்டங்கள் ஒரே கோட்டுல கோத்து நிக்கும், எல்லை கொஞ்சம் மேல ஏறும், அது நல்ல ஆராய்ச்சி, ஆனா அதை வெச்சு 77 கெல்வின் காந்தம் கட்ட முடியாது. பின்னிங் போட்டு அனைசோட்ரபிய ஜெயிக்க முடியாதுங்க.

4.2 கெல்வின்ல கதை வேற, அங்க தானா இருக்கற குறைங்களே போதுமான அளவு பிடிச்சுக்கும். 2212-ஐ வட்டக் கம்பியா, பல இழையா, முறுக்கி செய்யலாம், ஒய்பிசிஓ டேப்பால இது முடியவே முடியாது. டலஹாசில இருக்கற அமெரிக்க தேசிய உயர்புல காந்த ஆய்வகம் 2014-ல காட்டினது, கம்பியோட பிரச்சனை பின்னிங்கே இல்ல, உள்ள இருந்த குமிழிங்க. 50-லருந்து 100 பார் அழுத்தத்துல சுட்டதும் கரண்ட் பல மடங்கு எகிறிச்சு. ஆனா காயில சுத்தி முடிச்சுட்டு மொத்தத்தையும் 890 டிகிரி ஒட்டி, ஒண்ணு ரெண்டு டிகிரி துல்லியத்துல, அழுத்தத்தோட சுடணும். அந்த ஃபர்னஸும் வெள்ளி விலையும்தான் இங்க மறைஞ்ச செலவு. என்எம்ஆர் மாதிரி ஃபீல்டு ஒரே சீரா வேணும்ங்கறவங்களுக்கு இது நியாயமான வழி, மத்தவங்க வேடிக்கை பாத்துட்டு ஒய்பிசிஓ-வுக்கே வந்துடுங்க.

## அப்ப யார் எதை எடுக்கறது

லேசர் இருக்கற லேப்ல பிஹெச்டி ஆரம்பிக்கறவங்களுக்கு, சுத்தமான தூண் மட்டும்னு போகாதீங்க, அந்த நிலம் உழுது முடிஞ்சாச்சு. கொஞ்சம் பிஇசட்ஓ இல்ல பிஹெச்ஓ, கூட இட்ரியம் ஆக்சைடு, ரெண்டும் கலந்து வளர்ச்சி வெப்பநிலைய மாத்தி தூண்-துகள் விகிதத்தப் பாருங்க, 2009-ல மயோரோவ் குழு காட்டின பாதை இது, இன்னும் நிறைய இடம் இருக்கு. அளக்கும்போது 77 செல்ஃப் ஃபீல்ட ஒரு ஓரமா வெச்சுட்டு முழு கோண கர்வ ரெண்டு மூணு வெப்பநிலைல எடுங்க. காந்தமாக்கல் வளையத்துலருந்து பீன் மாடல்ங்கற கணக்குல எடுக்கற ஜே-சி ஃபீல்டு சி-அச்சுல இருக்கற நிலைய மட்டும்தான் சொல்லும், அதை வெச்சு கோணத்தப் பத்திப் பேசாதீங்க.

க்ரீப், போஸ் கிளாஸ் மாதிரி இயற்பியல் கேள்வின்னா வழி 3, மறுபேச்சே இல்ல.

ஃப்யூஷன் பக்கம் போறவங்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. எம்ஐடி-யும் காமன்வெல்த் ஃப்யூஷனும் 2021 செப்டம்பர்ல 20 கெல்வின்ல 20 டெஸ்லா காயில ஓட்டிக் காட்டினாங்க, ஆனா ரியாக்டர்ல காந்தம் வருஷக்கணக்கா நியூட்ரான் அடி வாங்கும். நியூட்ரானும் குறைதான் போடும், ஆரம்பத்துல ஜே-சி ஏறும், உச்சத்தத் தொட்டு அப்புறம் இறங்கும். வியன்னால ஐஸ்டெரர் குழு பாத்ததுல, ஏற்கனவே செயற்கைப் பின்னிங் போட்ட டேப்புங்க அந்த உச்சத்த சீக்கிரமே தாண்டி இறங்க ஆரம்பிச்சுடுது, போடாத டேப் இன்னும் ஏறிட்டு இருக்கும்போதே. இன்னிக்கு கேட்டலாக்ல பெரிய நம்பர் காட்டற டேப் பத்து வருஷம் கழிச்சு பின்தங்கலாம். அதனால இங்க நான் வெறும் துகள் டேப்பத்தான் எடுப்பேன்.

டேப் வாங்கறவங்க கொட்டேஷன் கேக்கும்போது "77 கெல்வின்ல இத்தனை ஆம்பியர்"ங்கற ஒரு வரிய வாங்கிட்டு வராதீங்க. அந்த எண்ணுக்கும் 20 கெல்வின் 20 டெஸ்லா எண்ணுக்கும் ஒழுங்கான உறவே கிடையாது, ஒரே கம்பெனியோட ரெண்டு ரீலுக்கு நடுவுலயே மாறும். உங்க வெப்பநிலை, உங்க ஃபீல்டு, அந்தக் கோணங்கள்லயே மோசமான கோணம், இந்த மூணுலயும் அளந்த கரண்ட ரீல் ரீலா எழுத்துல கேளுங்க. தர முடியாதுன்னு சொன்னா ஒவ்வொரு ரீலோட ரெண்டு முனையிலருந்தும் கால் மீட்டர் வெட்டி அனுப்பச் சொல்லி நீங்களே அளந்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.